தொடை வலியும் தொடையிடுக்கு வலியும்: விளையாடும் இளைஞர்க்கு ஒரு விளக்கம்

அறுவடை முடிந்து களத்து நெல் வீடு வந்து சேரும் தை மாதத்திலும், கோயில் திருவிழாக்கள் நடைபெறும் சித்திரை, வைகாசி மாதங்களிலும் நம் கிராமங்களில் கபடிப் போட்டிகள் நிகழ்வது வழக்கம். சடுகுடு என்று நம் முன்னோர் ஆடிவந்த இவ்வாட்டம், 1990 ஆம் ஆண்டு பெய்ஜிங் நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் முதன்முறையாகப் பதக்கப் போட்டியாகச் சேர்க்கப்பட்டது. 2010 ஆம் ஆண்டு முதல் பெண்களும் அப்போட்டிகளில் கபடி ஆடிவருகின்றனர். புழுதி மண்ணில் பிறந்த ஆட்டம் உலக அரங்கில் ஏறியிருப்பது கிராமத்தார் யாவருக்கும் பெருமை தருவதாகும்.

ஆயின், போட்டி நடக்கும் ஊர்களில் மற்றொரு காட்சியையும் நாம் காண்கிறோம். தொடையைப் பிடித்துக்கொண்டோ, அடிவயிற்றோரம் கையை வைத்துக்கொண்டோ ஓரிருவர் நொண்டியபடி களத்தைவிட்டு வெளியேறுகின்றனர். “சுளுக்குத்தான், எண்ணெய் போட்டு நீவினால் சரியாகிவிடும்” என்று சுற்றியிருப்போர் சொல்கின்றனர். சிலருக்குச் சரியாகியும் விடுகிறது. சிலருக்கோ ஆறு மாதம் ஆகியும் வலி தீருவதில்லை. மிகச் சிலர் காலந்தாழ்ந்த பின் மருத்துவமனைக்குச் சென்று, நிரந்தரக் குறையோடு திரும்புகின்றனர். உழுதும் பரம்படித்தும் குடும்பத்தைத் தாங்க வேண்டிய இளைஞன் ஒருவன் கால் விளங்காமல் போவானாயின், அந்த இழப்பு அவனோடு நில்லாது வீட்டார் அனைவரையும் வருத்தும் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

சுளுக்கு என்னும் ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல கோளாறுகள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை முறையான பயிற்சியால் குணமாகக் கூடியவை. ஒரு சில, ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாதவை. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் மருத்துவர் அல்லோம். எனினும் மருத்துவ அறிஞர்கள் ஆராய்ந்து கண்டவற்றை ஊர்மக்கள் அறியும்படி எடுத்துரைப்பது நம் கடமையாகும்.

தொடையின் அமைப்பு

தொடையின் முன்புறத்தில் நான்கு தசைகள் உள்ளன. இவை முழங்காலை நீட்ட உதவுகின்றன. பின்புறத்தில் மூன்று தசைகள் உட்காரும் எலும்பிலிருந்து புறப்பட்டு முழங்காலுக்குக் கீழே சென்று முடிகின்றன. இவை முழங்காலை மடக்கவும் இடுப்பைப் பின்னோக்கித் தள்ளவும் பயன்படுகின்றன. உட்புறத்தில் ஒரு தசைத் தொகுதி இருக்கிறது. அகன்ற கால்களை ஒன்றுசேர்ப்பது அதன் வேலை. அடிவயிற்றின் கீழ் எல்லையில் கையால் தொட்டறியக்கூடிய குறுக்கெலும்பில் இத்தொகுதி தொடங்குகிறது. அதே எலும்பின் மேற்புறத்தில் வயிற்றுத் தசைகள் வந்து இணைகின்றன. ஒரே முளையில் எதிரெதிராக இரு மாடுகளைக் கட்டினால் முளைக்கு எத்தனை அதிர்ச்சி நேருமோ, அத்தனை அதிர்ச்சி ஓடும்போதும் திரும்பும்போதும் இவ்வெலும்புக்கு நேர்கிறது. தொடையிடுக்கில் வலி தோன்றுதற்கு இவ்வமைப்பே பெருங்காரணம்.

பின்தொடைத் தசை கிழிதல்

ஓட்டத்தை அடிப்படையாகக் கொண்ட விளையாட்டுக்களில் மிகுதியாகக் காணப்படும் காயம் இதுவே. முழு வேகத்தில் ஓடுங்கால், முன்னே வீசிய கால் தரையைத் தொடுமுன் அதன் வேகத்தைத் தடுத்து நிறுத்துவது பின்தொடைத் தசையாகும். அவ்வேளையில் அது நீண்ட நிலையிலேயே முழு வலிமையோடு இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இயலாதபோது இழைகள் கிழிகின்றன. கபடியில் பாடிச் செல்பவரைத் தொடையிலோ கணுக்காலிலோ பிடித்து நிறுத்த, அவர் நடுக்கோட்டை நோக்கி எட்டிப் பாய்கையில் இதே நிலை ஏற்படுகிறது.

பின்புறம் கல்லெறி பட்டாற்போன்ற திடீர் வலி இதன் அறிகுறி. ஓரிரு நாளில் முழங்காலின் பின்பக்கம் நீலம் பாரிக்கலாம். கிழிந்த இடத்தின் இரத்தம் கீழிறங்குவதே அதற்குக் காரணம். சிறு கிழிசல் இரண்டு மூன்று வாரங்களில் ஆறும். பெருங்கிழிசலுக்கு மாதக்கணக்கில் ஆகும். ஒருமுறை கிழிந்த தசையே மறுமுறையும் கிழியும் வாய்ப்பு மிகுதி. வலி சற்றுத் தணிந்தவுடன் அடுத்த ஊர்ப் போட்டிக்கு ஓடுவோரே பெரும்பாலும் இரண்டாம் முறை வீழ்கின்றனர்.

முன்தொடையில் அடிபடுதல்

எதிராளியின் முழங்கால் தொடையில் மோதினால் உள்ளே இரத்தம் கட்டிக்கொள்கிறது. இதனை நாம் ஊமையடி என்போம். நம் கிராமங்களில் நிகழும் பெரும் பிழை ஒன்றை இங்குக் குறிப்பிடுதல் வேண்டும். இரத்தக் கட்டைக் கலைப்பதாக எண்ணி, அடிபட்ட அன்றே அழுத்தித் தேய்ப்பதும் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் உள்ளே கசிவை மேலும் பெருக்கும். இரத்தம் பெரிதாகக் கட்டிய தசையைப் பலவந்தமாகப் பிசையும்போது, சில சமயம் தசைக்குள்ளேயே எலும்பு போன்ற கடினப் பொருள் வளர்ந்துவிடுவதுண்டு. பிறகு முழங்காலை மடக்குவதே அரிதாகி, மாதக்கணக்கில் வருந்த நேரிடும். ஆதலின் அடிபட்டவுடன் முழங்காலை வலி பொறுக்கும் அளவுக்கு மடக்கி வைத்து, குளிர்ந்த ஒத்தடம் இட்டு, துணிக்கட்டுப் போடுதலே தக்க முதலுதவியாகும்.

தொடையிடுக்கு வலியின் வகைகள்

இப்பகுதியின் வலிக்கு மருத்துவர்களே நெடுங்காலம் பலவாறாகப் பெயரிட்டுக் குழம்பியிருந்தனர். 2014 ஆம் ஆண்டு தோஹா நகரில் 14 நாடுகளைச் சேர்ந்த 24 வல்லுநர்கள் கூடி, இதனை நான்கு வகையாகப் பிரித்து ஒருமித்த முடிவு செய்தனர். உட்தொடைத் தசை சார்ந்தது, இடுப்பை மடக்கும் தசை சார்ந்தது, அடிவயிற்றுச் சந்து சார்ந்தது, நடுவிலுள்ள குறுக்கெலும்பு சார்ந்தது என்பனவே அந்நான்கு. இடுப்பு மூட்டின் கோளாறுகளையும் ஏனைய நோய்களையும் தனியே எண்ண வேண்டும் என்றும் அவர்கள் வரையறுத்தனர்.

இவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது உட்தொடைத் தசை வலியாகும். காலை அகல விரித்து எட்டித் தொடுதல், சடுதியில் திசை திரும்புதல், பந்தை உதைத்தல் ஆகியவற்றால் இது தோன்றும். இதனை அறிய எளிய வழி ஒன்றுண்டு. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, அவற்றிடையே மடக்கிய கையை வைத்து இருபுறமும் அழுத்துக. உட்தொடையின் மேற்பகுதியில் பழகிய அதே வலி எழுமாயின் கோளாறு அத்தசையில் இருத்தல் கூடும்.

இதனைத் தேய்த்துத் தீர்க்கலாமா? 1999 ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடையளிக்கிறது. இவ்வலியால் நெடுநாள் வருந்திய 68 விளையாட்டு வீரர்களை அவர்கள் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்குத் தசையை வலுப்படுத்தும் பயிற்சிகளையும், மறு பிரிவினர்க்குத் தேய்த்தல், மின்கருவிச் சிகிச்சை, தசையை இழுத்து நீட்டல் முதலியவற்றையும் 8 முதல் 12 வாரங்கள் வரை அளித்தனர். பயிற்சி பெற்றோருள் 23 பேர் வலியின்றிப் பழைய தரத்திலேயே விளையாட்டுக்குத் திரும்பினர். மறு பிரிவில் அவ்வாறு திரும்பியோர் 4 பேர் மட்டுமே. பிறர் கை நம் தசையைத் தேய்ப்பதைக் காட்டிலும், நம் தசை தானே உழைத்து வலுப்பெறுவதே மருந்து என்பது இதனால் விளங்கும்.

இடுப்பின் முன்புறத்தில் ஆழமாக வலித்து, படியேறும்போதும் முழங்காலைத் தூக்கும்போதும் மிகுமானால் அது இடுப்பை மடக்கும் தசையின் கோளாறாகலாம். குந்தி உட்காரும்போதும் சம்மணமிடும்போதும் இடுக்கில் குத்தி, மூட்டு பிடித்துக்கொள்வது போலிருந்தால் அது மூட்டையே சார்ந்ததாகலாம். இதற்கு எக்ஸ்ரே படம் தேவைப்படும். இருமும்போது அல்லது மூட்டை தூக்கும்போது இடுக்கில் புடைத்து, படுத்தால் மறையும் வீக்கம் குடலிறக்கம் ஆகும். புடைப்பு உள்ளே போகாமல் கடுத்து, வாந்தியும் சேருமானால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காலில் முள் குத்திப் புண்ணானால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதை உழவர் யாவரும் அறிவர். அதற்குரிய வைத்தியம் காலிலுள்ள புண்ணுக்கே அன்றி இடுக்குக்கு அன்று.

தாமதிக்கலாகாத நான்கு நிலைகள்

முதலாவது, எலும்புக் கீறல். காவலர் பணிக்கும் படைப் பணிக்கும் விண்ணப்பிக்கும் நம் கிராமத்து இளைஞர் பலர், உடற்தகுதித் தேர்வுக்கு ஒரு மாதமே இருக்கும்போது 1500 மீட்டர் ஓட்டத்துக்காகத் திடீரென நாள்தோறும் பல கிலோமீட்டர் ஓடத் தொடங்குகின்றனர். கம்பியை ஓரிடத்திலேயே மீண்டும் மீண்டும் வளைத்தால் ஒடிவது போல, தொடையெலும்பின் கழுத்துப் பகுதியில் நுண்ணிய கீறல் விழலாம். ஓடும்போது இடுக்கில் ஆழ்ந்த வலி, நின்றால் குறைவு, நாளடைவில் நடந்தாலும் இரவில் படுத்தாலும் வலி என்பது இதன் போக்கு. தொடக்கத்தில் எக்ஸ்ரே படத்தில் இக்கீறல் தெரியாமலும் போகலாம், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவைப்படும். வலியைப் பொறுத்து ஓடினால் எலும்பு முற்றாக ஒடிந்து, இடுப்பு மூட்டே கெட்டுப்போகும். போதிய உணவின்றிக் கடும் பயிற்சி செய்து, மாதவிலக்கு நின்றுபோன பெண்களுக்கு இவ்வபாயம் மிகுதி. நம் பெண் குழந்தைகளிடம் தாய்மார் இதனை விசாரித்தறிதல் நலம்.

இரண்டாவது, 10 முதல் 16 வயது வரையுள்ள சிறுவர்களின் தொடையெலும்புத் தலை நழுவுதல். எடை மிகுந்த பிள்ளைகளிடம் இது சற்று மிகுதியாகக் காணப்படும். இதில் வலி இடுப்பில் தோன்றாமல் தொடையிலோ முழங்காலிலோ மட்டும் தோன்றிப் பெற்றோரை ஏமாற்றும். பிள்ளை நொண்டுவான், பாதம் வெளிப்புறம் திரும்பியிருக்கும். நடக்க விடாமல் தூக்கிச் சென்று அன்றே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

மூன்றாவது, வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் நுனி பெயர்தல். முளையில் கட்டிய கன்று வெட்டி இழுக்குங்கால் கயிறு அறாமல் முளை பெயர்வதுண்டு. அதுபோல இவ்வயதினர்க்குத் தசை கிழிவதற்குப் பதிலாக, அது பற்றியிருக்கும் எலும்பின் முற்றாத நுனி பெயர்ந்துவிடும். ஓடுகையில் ‘படக்’கென்ற ஓசையோடு வலித்து விழும் பள்ளிப் பிள்ளையை நீவுவதற்கு அனுப்பாமல் எக்ஸ்ரே எடுக்க அனுப்புக.

நான்காவது, விதைக்கொட்டை முறுக்கிக்கொள்ளுதல். சிறுவர்க்கும் இளைஞர்க்கும் விளையாடும்போதோ உறங்கும்போதோ இது நேரலாம். இடுக்கிலும் அடிவயிற்றிலும் கடும் வலி, குமட்டல், வாந்தி, ஒரு பக்க விதை மேலேறி வீங்குதல் ஆகியன குறிகள். இரத்த ஓட்டம் தடைப்படுவதால் சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்தால்தான் விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு நன்கு உண்டு. வெட்கத்தால் பிள்ளைகள் இதனைச் சொல்வதில்லை. சொல்லத் தயங்க வேண்டாம் என்பதை முன்னரே அவர்களுக்கு உணர்த்துவது தந்தையரின் பொறுப்பு.

முதலுதவி

இந்நான்கும் அல்லாத தசைக் காயங்களுக்கு முதல் மூன்று நாட்கள் செய்யத்தக்கவை சில. ஆட்டத்தை உடனே நிறுத்துக. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வரை, நாளில் சில முறை வைக்கலாம். நேரே தோலின்மேல் வைத்தலாகாது. மிதமான இறுக்கத்தோடு துணிக்கட்டுப் போட்டு, காலை உயர்த்தி வைக்கலாம். அந்நாட்களில் வெந்நீர் ஒத்தடம், அழுத்தித் தேய்த்தல், உருவுதல், மது ஆகியவற்றை விலக்குதல் வேண்டும். நம் ஊர்களில் அனுபவம் வாய்ந்த நாட்டு வைத்தியர்கள் உள்ளனர். அவர்களிடம் நாம் கொண்டுள்ள மதிப்புக் குறைய வேண்டியதில்லை. எலும்புக் கோளாறு இல்லை என்று மருத்துவர் உறுதிப்படுத்துமுன் கால் மீது கை வைக்க வேண்டாம் என்பதே நாம் அவர்களிடம் வேண்டுவது.

மூன்று நாட்கள் கழிந்தபின் வாரக்கணக்கில் படுத்தே கிடப்பதும் தவறு. வலி மிகாத அளவில் நடக்கத் தொடங்கி, அரசு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவரிடம் பயிற்சிகளைக் கற்று, படிப்படியாக வலுக்கூட்டுதல் வேண்டும். முழு வேகத்தில் ஓடியும், சடுதியில் திரும்பியும், முழங்கால்களுக்கிடையே அழுத்தியும் வலி இல்லையென்றால்தான் களத்தில் இறங்கலாம்.

வருமுன் காத்தல்

வயல் வேலை செய்யும் உடம்புக்குத் தனிப் பயிற்சி எதற்கு என்று கேட்பாருண்டு. உழவுத் தொழில் உடலுக்கு உரம் தருவது உண்மையே. ஆயினும் நாற்று நடும் கால் மெதுவாக நெடுநேரம் உழைக்கிறது. கபடி ஆடும் கால் ஒரு நொடியில் முழு வலிமையையும் காட்ட வேண்டியிருக்கிறது. புதுக் காளையை முதல் நாளே பாரவண்டியில் பூட்டுவார் உண்டோ? ஆண்டு முழுவதும் ஆடாமல் பொங்கலன்று மட்டும் ஆறு ஆட்டம் ஆடுவதும் அத்தகையதே. போட்டிக்கு ஆறு வாரம் முன்னரே பழகத் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுதல் வேண்டும்.

கருவி ஏதுமின்றி இருவர் சேர்ந்து செய்யத்தக்க பயிற்சிகள் இரண்டு உள்ளன. ஒருவர் முழந்தாளிட்டு நிற்க, மற்றவர் அவர் கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்வார். நிற்பவர் இடுப்பை வளைக்காமல் முன்னோக்கி மெதுவாகச் சாய்ந்து, இயலாத நிலையில் கைகளை ஊன்றிக்கொள்ள வேண்டும். இப்பயிற்சியை மேற்கொண்ட குழுக்களில் பின்தொடைக் காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2019 ஆம் ஆண்டில் வெளிவந்த மதிப்பீடு காட்டுகிறது.

மற்றொன்று உட்தொடைக்கு உரியது. ஒருவர் ஒருக்களித்துப் படுத்து முழங்கையை ஊன்றிக்கொள்ள, மற்றவர் அவரது மேற்காலை முழங்காலிலும் கணுக்காலிலும் தாங்கி இடுப்பளவு உயரத்தில் பிடித்துக்கொள்வார். படுத்தவர் அக்காலை அழுத்தி உடலைத் தூக்கி, கீழ்க்காலை மேற்காலோடு சேர்த்து, மீண்டும் மெல்லத் தாழ்த்த வேண்டும். நார்வே நாட்டின் 35 கால்பந்துக் குழுக்களில் செய்யப்பட்டு 2019 ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், இத்தகைய பயிற்சி செய்தோர்க்குத் தொடையிடுக்குத் தொல்லை 41 விழுக்காடு குறைந்திருந்தது. இரண்டையும் முதல் வாரம் மூன்று நான்கு முறையோடு தொடங்கிச் சிறிது சிறிதாக மிகுத்தல் நன்று.

ஊராட்சியின் பங்கு

2024 ஆம் ஆண்டில் மாநில அரசு ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவிப் பெட்டிகளை வழங்கியது. கருவிகள் வந்தன, அவற்றைக் கொண்டு ஆடும் கால்களைக் காப்பது நம்மவரின் பொறுப்பன்றோ? ஆடுகளத்தைக் கல், முள் நீக்கி, கொத்தி, சமன்செய்து, நீர் தெளித்து வைத்தல் வேண்டும். போட்டிக்கு உத்தரவு பெற வரும் விழாக் குழுவினரிடம் மூன்று உறுதிகளை ஊராட்சி மன்றம் கேட்டுப் பெறலாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் பத்து நிமிடம் உடலைச் சூடேற்றும் பயிற்சிக்கு நேரம் ஒதுக்குதல் முதலாவது. களத்தருகே பனிக்கட்டியும் துணிக்கட்டும் கொண்ட முதலுதவிப் பெட்டியும், 108 ஊர்தியை அழைக்கப் பொறுப்பான ஒருவரும் இருத்தல் இரண்டாவது. நொண்டுபவரை மீண்டும் களத்தில் இறக்காமை மூன்றாவது. பள்ளி ஆசிரியரும் கிராம சுகாதாரச் செவிலியரும் கிராம சபைக் கூட்டத்தில் மேற்கூறிய நான்கு அபாய நிலைகளையும் ஒருமுறை விளக்கினால் பெரும்பயன் விளையும்.

பரிசுக் கோப்பை ஓர் ஆண்டு ஊர்ச் சாவடியில் இருக்கும். அடுத்த ஆண்டு வேற்றூருக்குச் செல்லும். இளைஞனின் கால் அத்தகையதன்று. அது அவனுக்கும், அவன் உழும் நிலத்துக்கும், அவனை நம்பியிருக்கும் குடும்பத்துக்கும் வாழ்நாள் முழுவதும் வேண்டும். ஆகவே “சுளுக்கு” என்று சொல்லி முடித்துவிடுமுன், வலி எங்கே, எவ்வாறு தோன்றியது, எத்தனை நாளாக இருக்கிறது என்னும் மூன்று வினாக்களைக் கேட்கும் பழக்கம் ஒவ்வோர் ஊரிலும் ஏற்படுவதாக.